நாற்காலி கேப்டன்

எஸ்பியர்
2025 ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணன் தோர்கிலுக்கு,

சோல்வை எழுதுவது. நான் இங்கே சுகம். உன் இடது தோள் வலி எப்படி இருக்கிறது? களிம்பு தடவுகிறாயா, இல்லை டப்பாவை ஜன்னலோரம் வைத்து அழகு பார்க்கிறாயா?

உன் போனுக்கு ஒன்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் உன் எஞ்சின்காரர் ஓவேயின் மனைவியைப் பிடித்தேன். "அது கடலுக்குள்ள போயிடுச்சும்மா. மூணாவது போன். இனிமே வாங்கவே மாட்டேன்னு உங்க அண்ணன் சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள். நல்லதுதான். போனில் பேசினால் நாம் நாலாவது நிமிடத்தில் சண்டைக்குப் போய்விடுகிறோம். இந்த வருஷக் கடைசியோடு நம் நாட்டுத் தபால்காரர்கள் கடிதம் கொடுப்பதையே நிறுத்தப் போகிறார்களாம். அதற்குள் நாலு கடிதமாவது எழுதிக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆளில்லாப் படகுக்குத் துணைப்படகாக உன் மீன்பிடிப் படகு 'பிர்தே'யை எடுத்திருக்கிறார்கள். சத்தியமாக நான் சிபாரிசு செய்யவில்லை. பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் காப்பி புரையேறிவிட்டது.

ஏழு மீட்டர் படகு. காற்றாலைகளின் கால்களைச் சுற்றிக் கடல் மண்ணை அரித்திருக்கிறதா, அடியில் புதைத்த மின்கம்பி வெளியே தெரிகிறதா என்று அதுவாகவே போய்ப் பார்க்கும். நான் எஸ்பியரில் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு திரைகளில் அதைக் கவனிப்பேன். அக்டோபர் முடியும்வரை சோதனைக் காலம். அதுவரை ஆள் இருக்கிற ஒரு படகு அதன் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. கடல்துறை அதிகாரி சரி என்று சொல்லிவிட்டால் பிறகு துணை வேண்டாம், தனியாகப் போகலாம். அந்த அனுமதிப் பத்திரத்தில் 'கேப்டன்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் என் பெயரை எழுதுவார்கள்.

நம் வீட்டில் ஐந்து தலைமுறையாக எல்லாரும் கேப்டன். நான் ஒருத்திதான் துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறவள். பதினாறு வயதில் மூன்றாவது தடவையாக என்னைக் கரையில் இறக்கிவிட்டபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அந்த வரி வேண்டும் அண்ணா. நாற்பத்தொரு வயதில் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

ஒரு நிபந்தனை. உன் பதிவேட்டில் எனக்காக எதையும் ஏற்றி எழுதாதே. கரையில் நான் எழுதுவதும் கடலில் நீ எழுதுவதும் ஒத்துப்போனால்தான் செல்லும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஓவேயை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
சோல்வை

*

தோர்ஸ்மின்டே
ஏப்ரல் 27

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தான். தோளும் பரவாயில்லை. களிம்பைத் தேடினேன், காணோம். ஓவே அதை எடுத்துக் கப்பிக்குத் தடவியிருக்கிறான். கப்பி இப்போது சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. நீ சுகமா? உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு பிடிக்குமே, எழுந்து நடக்கிறாயா?

இரண்டு வாரம் கடலில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். உன் படகைப் பார்த்த உடனே ஓவே, "யாரோ ரெமுலாடு குப்பியத் தண்ணியில தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். அன்றிலிருந்து எங்களுக்கு அது குப்பிதான். மஞ்சளாக, மூக்கு மட்டும் நீண்டு, வறுத்த மீனின் தலையில் கவிழ்க்கிற சாஸ் குப்பி மாதிரியே இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். கோடு போட்டதுபோல நேராகப் போகிறது. சாப்பாட்டு வேளைக்குக்கூட நிற்பதில்லை.

நீ ஜெயித்தால் என் வேலை போகும், நீ தோற்றால் உன் வேலை போகும். நல்ல குடும்பம்! கவலைப்படாதே, மீன் இன்னும் கடலில்தான் இருக்கிறது, நானும் வலையை விற்றுவிடவில்லை.

ஆனால் நாற்காலி கேப்டன் அவர்களே, உங்கள் மேல் ஒரு புகார் வந்திருக்கிறது. இங்கே மீன் பிடிக்கிற கிரெஸ்டன் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டார்.

"தோர்கில், அந்த மஞ்சப் படகு உன் தங்கச்சியோடதா?"

"ஆமா."

"நான் கை தூக்கினேன். திரும்பிக்கூடப் பாக்கலையே."

"அதுல ஆளே இல்லண்ணே."

"ஆள் இல்லன்னா? மரியாதையும் இல்லாமப் போயிடுமா?"

சிரிக்காதே. அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் அதையே சொல்லிவிட்டார்கள். இந்தக் கரையில் எதிரெதிரே வருகிற படகுகள் கை தூக்காமல் கடந்ததாகச் சரித்திரமே கிடையாது. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூடக் கடலில் கை தூக்கிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் குப்பிக்கு இங்கே கெட்ட பெயர். ஏதாவது செய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
தோர்கில்

*

எஸ்பியர்
மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இடுப்பு பிடித்துக்கொண்டது உண்மைதான், உன் வாய் அப்படி. உனக்கு வேறு களிம்பு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூடியில் 'கப்பிக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறேன், ஓவேயிடம் காட்டு.

மரியாதை விஷயத்தை எங்கள் மேலாளர் உல்லாவிடம் சொன்னேன். கோபன்ஹேகன்காரி, விழுந்து விழுந்து சிரித்தாள். "படகுக்கு எதுக்குடி மரியாதை?" என்றாள். "மேடம், அங்க மீன் பிடிக்கிற அத்தனை பேரும் அதிகாரிக்குக் கடுதாசி போட்டா என்ன பண்ணுவீங்க?" என்றேன். சிரிப்பு நின்றது.

முகப்புக் கேமராவின் கண்ணாடியில் உப்பு படிந்தால் துடைக்க ஒரு வைப்பர் இருக்கிறதல்லவா, அதன் நுனியில் மீன் கழுவுகிறவர்கள் போடுகிற ஆரஞ்சு நிற ரப்பர் கையுறையைப் பஞ்சடைத்துக் கட்டிவிட்டேன். எதிரே படகு வந்தால் பொத்தானை அழுத்துவேன், கை மேலும் கீழும் ஆடும். அந்தப் பத்து வினாடிக்கு அந்தத் திரையில் எனக்குக் கையுறையைத் தவிர ஒன்றும் தெரியாது. மற்ற ஐந்து திரையும் இருக்கின்றன, போதும்.

நேற்று கிரெஸ்டனைப் பார்த்துக் கை தூக்கினேன். அவர் தொப்பியையே கழற்றிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது அண்ணா. கடலில் ஒருவர் எனக்கு வணக்கம் சொல்வது இதுதான் முதல் தடவை.

குளிரில் தோளை மூடிக்கொள்.

உன் அன்புத் தங்கை,
சோல்வை

*

தோர்ஸ்மின்டே
ஜூன் 8

அன்புள்ள சோல்வை,

நான் சுகம், ஓவேயும் சுகம், களிம்பும் சுகம். உன் இடுப்பு சரியாகிவிட்டதா? எப்படியும் இந்தக் கடிதத்தைப் படித்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். விழுந்து விழுந்து சிரிப்பாய் அல்லது விழுந்தே விடுவாய்.

போன வியாழக்கிழமை லேசான மூடுபனி. நான் கீழே முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தால், காற்றாலைப் பழுது பார்க்கிறவர்கள் தங்கியிருக்கும் பெரிய கப்பலிலிருந்து ஒரு மீட்புப் படகு குப்பியை நோக்கி அலறிக்கொண்டு பறக்கிறது. என்ன என்று ரேடியோவில் கேட்டேன். "மஞ்சப் படகுல ஒரு ஆள் சாகக் கெடக்கறான்! கை மட்டும்தான் தெரியுது! மேலயும் கீழயும் ஆட்டுறான்!" என்று கத்துகிறார்கள்.

சோல்வை, கையை மெல்ல மேலே தூக்கிக் கீழே இறக்கினால் கடலில் என்ன அர்த்தம்? ஐந்து தலைமுறை கேப்டன் குடும்பத்தில் பிறந்தவளே, 'காப்பாற்றுங்கள்' என்று அர்த்தம்! எனக்கும் அதுவரை உறைக்கவில்லை. நானும் அதே குடும்பம்தானே.

நான் போய்ச் சேர்வதற்குள் மீட்புப் படகில் வந்தவர்கள் குப்பியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர். இரண்டு பேர் கயிற்றோடு நிற்கிறார்கள். மூன்றாவது ஒரு பெண், மடியில் கம்பளியும் சூப் குடுவையும் வைத்துக்கொண்டு கையுறையையே பார்க்கிறாள். நீயோ உன் நாற்காலியிலிருந்து அவர்களுக்கு மும்முரமாக வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

"ஆள் எங்க?" என்றாள் என்னைப் பார்த்து.

"எஸ்பியர்ல இருக்கா. என் தங்கச்சிதான்."

அவள் மறுபடி கையுறையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், மீட்புப் படகே ஆடியது. "ஒரு உயிரக் காப்பாத்தலாம்னு சூப்ப சூடு பண்ணிக்கிட்டு வந்தேன். இத இப்ப யாருக்குக் குடுக்கறது?" என்றாள். வீணாகப் போகக்கூடாது என்று நானே குடித்தேன். பட்டாணி சூப். நம் வீட்டு மஞ்சள் பட்டாணி இல்லை, ஜெர்மன்காரர்களின் பச்சைப் பட்டாணி. உள்ளே புகைபோட்ட இறைச்சித் துண்டு, கேரட், ஏதோ ஒரு இலை. என்ன இலை என்று கேட்கலாம் என்று நினைத்துவிட்டு மறந்துவிட்டேன். கிழங்கு குழையாமலும் இருந்தது, மசிந்தும் இருந்தது, எப்படி என்று தெரியவில்லை. உப்பு திட்டம். இப்படி ஒரு சூப்பை நான் குடித்ததே இல்லை.

பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். கையுறையைக் கழற்றிவிடு.

அண்ணன்,
தோர்கில்

*

எஸ்பியர்
ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நலம், மானம்தான் போய்விட்டது. இங்கே சொதப்புகிறவர் மற்ற எல்லாருக்கும் கேக் வாங்க வேண்டும் என்பது வழக்கம். இது சாதாரணச் சொதப்பல் அல்ல என்று சொல்லி என்னை மூன்று கேக் வாங்க வைத்தார்கள். மூன்றாவதன் மேல் கிரீமில் ஒரு கை வரைந்திருந்தது.

கடல்துறை அதிகாரி வந்தார். சிரிக்கவே தெரியாத மனிதர். கையுறையை மேஜை மேல் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். நல்ல வேளை, சோதனையை நிறுத்தவில்லை. ஆனால் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். இதுவரை நாம் காட்டிய சோதனைகள் எல்லாம் சொல்லி வைத்துச் செய்தவை. நீ குறுக்கே வருவாய், குப்பி ஒதுங்கும். "அது நாடகம். யாரும் சொல்லி வைக்காம ஒரு படகு குறுக்க வரணும், உங்க படகு தானா ஒதுங்கணும். கரைப் பதிவும் துணைப்படகுப் பதிவும் ஒரே மாதிரி சொல்லணும். அப்படி ஒண்ணாவது இருந்தாத்தான் கையெழுத்து" என்றார். அக்டோபருக்குள் அப்படி ஒரு சம்பவத்துக்கு நான் எங்கே போவேன்? இங்கே எல்லாரும் ஒழுங்காகப் படகு ஓட்டித் தொலைக்கிறார்கள்.

அது கிடக்கட்டும். சூப்பைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாய், அந்தப் பெண்ணின் பெயரைக் காணோமே?

தோளுக்கு மருந்தை விடாதே.

தங்கை,
சோல்வை

*

தோர்ஸ்மின்டே
ஜூலை 27

அன்புள்ள சோல்வை,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் நலம், நீ எப்படி? தோள் வலி இல்லை. தோளுக்கு வாரத்துக்கு மூன்று தடவை சுடுதண்ணீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தால் போதும் என்று வீப்கே சொன்னாள், சரியாகிவிட்டது. வீப்கே என்பது அந்தப் பெரிய கப்பலின் சமையல்காரி. ஜெர்மன்காரி, பியூசும் என்கிற ஊர். நீ கேட்டாயே என்பதற்காகச் சொல்கிறேன்.

வானிலை நன்றாக இருக்கிறது. வீப்கேயும் அதைத்தான் சொன்னாள். தாடியை எடுத்துவிட்டேன், வெயிலுக்கு அரிக்கிறது. நீலத்தில் ஒரு சட்டை வாங்கினேன், பழையது கிழிந்துவிட்டது. ஓவே வேலையற்றுப்போய் எதையாவது உளறுவான், காதில் போட்டுக்கொள்ளாதே.

உன்னிடம் ஒரு பொது அறிவுக் கேள்வி. தட்டைமீனை ரொட்டித்தூளில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பதுதானே முறை? பன்றிக்கொழுப்பில் வறுத்து, மீனுக்கு மேலேயும் அந்தக் கொழுப்புத் துண்டுகளையே தூவுகிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை. தினமும் பகல் இரண்டு மணிக்கு ரேடியோவில் தொடர்கிறது.

உன் குப்பி நன்றாக இருக்கிறது. குறுக்கே யாரும் வரவில்லை.

அண்ணன்,
தோர்கில்

*

எஸ்பியர்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலம் என்று தெரிகிறது, ரொம்பவே நலம். சட்டை நீலத்தில் என்றால் உனக்கு எடுப்பாக இருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பகலில் கடல் எப்படி இருந்தது? சும்மாதான் கேட்கிறேன். பதிவேட்டில் எழுத வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருந்தால், இன்னும் நேரம் இருக்கிறது.

தங்கை,
சோல்வை

*

தோர்ஸ்மின்டே
ஆகஸ்ட் 31

அன்புள்ள சோல்வை,

நலம். செவ்வாய்க்கிழமை கடல் அமைதி. தென்மேற்கிலிருந்து மெல்லிய காற்று. பார்வை எட்டு மைல். மேகம் கொஞ்சம். நாலு மணிக்கு மேல் மேகம் கலைந்தது. கடல்நாய் ஒன்று தலை தூக்கிப் பார்த்தது. பிறகு போய்விட்டது. ஓவே பகலில் தூங்கினான்.

சொல்லும்படி ஒன்றும் இல்லை.

தோர்கில்

*

எஸ்பியர்
செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்தில் வீப்கே இல்லை, அது சரி. உன் கடைசிக் கடிதத்திலும் இல்லையே, அதனால்தான் பயந்தேன்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். குப்பியின் கேமரா ரெக்கார்டிங்கைப் பார்த்தேன். செவ்வாய் பகல் இரண்டு பதினாலு. 'பிர்தே' எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கிறது. நீ மேல்தளத்தில் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, பெரிய கப்பலைப் பார்த்தபடி, வெறுங்கையை ஆட்டி ஆட்டிக் காற்றிலேயே மீன் பொரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாய். நீரோட்டம் உன்னை இழுத்துக்கொண்டுபோய்க் குப்பியின் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டது. குப்பி நின்றது. வலது பக்கம் ஒதுங்கியது. ஐந்து குறுகிய ஊதல் ஊதியது. 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை' என்று கடலில் அதற்கு அர்த்தம். நீ தூக்கிவாரிப்போட்டு எழுந்தாய். நீ விலகும்வரை அது காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது.

அண்ணா, அந்த ஊதலை நான் ஊதவில்லை. நான் நாற்காலியிலேயே இல்லை. உல்லாவின் பிறந்தநாள், பக்கத்து அறையில் கேக் வெட்டினார்கள். 'ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம்' என்று எழுந்துபோனேன். ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில்தான் இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் கடலைப் பார்க்கவில்லை, குப்பி மட்டும் பார்த்தது.

அதிகாரி கேட்ட சம்பவம் இதுதான். யாரும் சொல்லி வைக்காதது. என் பக்கத்தை எழுதிவிட்டேன், கேக்கையும் சேர்த்து. 'குறுக்கே வந்த படகின் பெயர்' என்ற இடத்தை மட்டும் வெற்றாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியவள் நான் இல்லை.

நீ எழுத வேண்டும் என்று கேட்க மாட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக உன் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கரை முழுக்கச் சிரிக்கும் என்றும் தெரியும். அந்த வரி எனக்குக் கிடைக்காவிட்டால் அழுவேன், பிறகு முகம் கழுவிக்கொள்வேன். நீ எனக்கு அண்ணன்தான், எப்போதும்.

அக்டோபர் 31 கடைசி நாள்.

சோல்வை

*

தோர்ஸ்மின்டே
அக்டோபர் 19

அன்புத் தங்கச்சி சோல்வைக்கு,

நான் நலம். இவ்வளவு நலமாக என் ஆயுளில் இருந்ததில்லை. ஆறு வாரம் உன்னைத் தவிக்க விட்டதற்கு நீ என்ன திட்டினாலும் தகும். இதோ, இன்று கடல்துறைக்கு அனுப்பிய பக்கத்தின் நகல்:

நாள்: ஆகஸ்ட் 12. நேரம்: பகல் 2.14.
குறுக்கே வந்த படகு: துணைப்படகு 'பிர்தே'.
ஆளில்லாப் படகு செய்தது: நின்றது, வலப்புறம் ஒதுங்கியது, ஐந்து முறை ஊதியது, காத்திருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தது.
தவறு: என்னுடையது.
காரணம்: காதல்.

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன் சோல்வை. 'காரணம்' என்ற கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முதலில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அடித்தேன். நான் கவனமாகத்தான் இருந்தேன், வேறு இடத்தில். 'ரேடியோ உரையாடல்' என்று எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை. உண்மையான வார்த்தை எனக்குத் தெரியும், ஆனால் அதை அவளிடமே நான் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததை அரசாங்கத்திடம் எப்படிச் சொல்வது? அதனால் முதலில் அவளிடம் சொல்லப் போனேன். அதற்குத்தான் ஆறு வாரம் ஆகிவிட்டது.

போன செவ்வாய் சிறு படகை இறக்கி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வீப்கே, அரசாங்கத்துக்கு ஒரு காயிதம் எழுதணும்."

"எழுது."

"அதுல உன்னப் பத்தி ஒரு வார்த்த வருது."

"என்ன வார்த்த?"

சொன்னேன். ஆறு வாரமாக எழுத முடியாமல் தவித்ததையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதச் சொல்லவா ஆறு வாரம்? என் கப்பலுக்கும் உன் படகுக்கும் நடுவுல எண்ணூறு மீட்டர்தான்யா!"

"நீரோட்டம் எதிர்ல இருந்துச்சு."

"அன்னிக்கு மட்டும் நல்லா அடிச்சிக்கிட்டு வந்தியே?" என்றாள். பிறகு ஈரக்கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "எழுது. பெருசாவே எழுது. ஆனா மீனப் பன்னிக்கொழுப்புலதான் வறுப்பேன், அதையும் ஒரு ஓரத்துல எழுதிக்கோ."

மீன் விஷயத்தில் நான் தோற்றுப்போனேன். வேறு எதிலும் தோற்கவில்லை.

கரை சிரிக்கட்டும். ஓவே ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான்.

உன் அண்ணன்,
தோர்கில்

*

எஸ்பியர்
நவம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கும், இனி எழுதலாம் அல்லவா, அன்புள்ள அண்ணி வீப்கேக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும், நூறு வருஷம் மீனை எதில் வேண்டுமானாலும் வறுத்துச் சாப்பிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். என் பக்கத்தையும் உன் பக்கத்தையும் அருகருகே வைத்து, வரி வரியாக உரக்கப் படித்தார். நேரம் சரி. திசை சரி. ஊதல் சரி. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தக் காரணம் எங்க பட்டியல்ல இல்லையே" என்றார். "தூக்கம் இருக்கு, குடி இருக்கு, உடம்பு சரியில்லன்னு இருக்கு, கருவிக் கோளாறு இருக்கு."

"'இதர'ன்னு ஒண்ணு இருக்குமே, அதுல போட்டுக்குங்களேன்" என்றாள் உல்லா.

அவர் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இருபத்தாறு வருஷமா இந்தப் பதிவேடுகளப் படிக்கிறேன். 'தவறு என்னுடையது'ன்னு எழுதின ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். அதுவும் ஒரே சம்பவத்துல ரெண்டு பேர்!" என்றார். சிரித்தார் அண்ணா, அந்த மனிதர் சிரித்தார்!

உனக்கும் எனக்கும் ஆளுக்கொரு கண்டனக் கடிதம் வரும். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்ததற்கு, உனக்கு ரேடியோவுக்கு. அதற்குப் பிறகு அனுமதிப் பத்திரத்தை எடுத்து, அந்த வரியில் என் பெயரை அவர் கையாலேயே எழுதினார். எனக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நாளை முதல் குப்பி தனியாகப் போகிறது. உன் வேலையை நான் பறித்துக்கொண்டேன். நீயே எடுத்துக் கையில் கொடுத்தாய். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்கள்,
சோல்வை

*

தோர்ஸ்மின்டே
டிசம்பர் 7

மதிப்பிற்குரிய கேப்டன் சோல்வை அவர்களுக்கு,

'பிர்தே'யின் கேப்டன் தோர்கில் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலத்தை அறிய ஆவல். திருமணம் பிப்ரவரியில், பியூசுமில். ரயிலில் வாருங்கள், கடல் வழி வேண்டாம்.

நேற்றுக் காலை மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது, காற்றாலைகளுக்கு வடக்கே தங்கள் படகை எதிரில் கண்டேன். அலை இரண்டு மீட்டர் இருந்தது, எனக்கு வலை வேறு வெளியே கிடந்தது. தங்கள் படகு வெகு தூரத்திலேயே ஒதுங்கி, வலையைச் சுற்றிக்கொண்டு போய் எனக்கு வழி விட்டது. இந்தக் கரையில் நல்ல கேப்டன்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அப்போது எஸ்பியரை ரேடியோவில் அழைத்து, "அந்த மஞ்சப் படகோட கேப்டன் யாருங்க?" என்று கேட்டது நான்தான். "கேப்டன் சோல்வை பேசுறேன்" என்று பதில் வந்தது. "சரியா கேக்கலைங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். தாங்களும் மறுபடி சொன்னீர்கள்.

முதல் தடவையே கணீரென்று கேட்டது சோல்வை. ஓவேயும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் மறுபடி கேட்டேன்.

அண்ணன்,
தோர்கில்